எழுதச் சொல்வதற்கு முன் வாசிக்கப் பழக்குங்கள்: தரம் 11இல் செய்நிரலாக்கம் படிப்பிப்பது

ஒரு டீச்சர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை நகரை ஒட்டிய ஒரு பாடசாலை. தரம் 11 தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பில் 36 பிள்ளைகள். ஆய்வுகூடத்தில் ஓடுகிற கணினிகள் 9. இணையம் வரும், போகும். பாய்ச்சற்கோட்டுப் படம் கீறச் சொன்னால் கீறுகிறார்கள். பலகையில் உதாரணம் செய்து காட்டினால் தலையாட்டுகிறார்கள். “இப்ப நீங்களே ஒரு புரோகிராம் எழுதுங்கோ” என்றால் கொப்பியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். எங்கே பிழை? பஸ்கால் என்ற செய்நிரல் மொழியை விட்டுப் பைதன் மொழிக்கு மாறினால் சரிவருமா?

மாறத் தேவையில்லை, டீச்சர். தரம் 11 பாடநூலில் இருப்பது பஸ்கால். 1970இல் நிக்லாஸ் விர்த் அதை வெளியிட்டபோதே படிப்பிப்பதுதான் அவருடைய முக்கிய நோக்கம். உயர்தரத்தில் பைதன் வரும். அப்போது படித்தால் போதும். சாதாரண தரப் பரீட்சையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இரண்டு மொழியையும் ஒரே வருடத்தில் கொடுத்தால், அரைப்புள்ளி எங்கே வரும், எங்கே வராது என்பதிலேயே வருடம் போய்விடும். மடக்கு ஒன்றை (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதை) தானாக எழுத வரும்வரை ஒரு மொழி போதும்.

பிழை இருப்பது வேறிடத்தில். செய்நிரலை வாசிக்கப் பழகாத பிள்ளையிடம் எழுதச் சொல்கிறோம். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு ஆய்வு நடந்தது. சில வரி நிரலைக் கொடுத்து, ஓடி முடிந்ததும் மாறியில் (பெறுமானம் வைக்கப் பெயரிட்ட இடத்தில்) என்ன இருக்கும் என்று கேட்டார்கள். முதலாவது பாடநெறியை முடித்த மாணவரில் கணிசமானோருக்கு அதையே சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகத்திலேயே நிலைமை அப்படியென்றால், 16 வயதுப் பிள்ளை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. நமது பரீட்சையும் தாளில்தான் நடக்கிறது. ‘இதன் வெளியீடு யாது’ என்ற கேள்விக்கு வேண்டியதும் இதே திறமைதான். ஆகவே முதல் மூன்று வாரம் யாரும் எதையும் புதிதாக எழுத வேண்டாம். வாசிக்கட்டும், கையால் ஓட்டிப் பார்க்கட்டும், இருப்பதை மாற்றட்டும்.

முதல் நாள் கணினியைத் திறக்கவே வேண்டாம். பலகையில் மூன்று வரி எழுதுங்கள்:

அ ← 5
ஆ ← அ
அ ← 8

ஆவில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொருவரும் விடையை எழுதிய பிறகே வாயைத் திறக்கச் சொல்லுங்கள். 8 என்று எழுதுகிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. கணித பாடத்தில் அ = ஆ என்றால் அது என்றைக்கும் உண்மை, ஒன்று மாறினால் மற்றதும் மாறும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். நிரலில் இரண்டாவது வரி ஓடும் கணத்தில் அவில் இருந்த பெறுமானம் ஆவுக்குப் பிரதி எடுக்கப்படுகிறது. அதன்பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. ‘ஆ சமன் அ’ என்று வாசிக்க விடாதீர்கள். “அவின் பெறுமானத்தை ஆவில் வை” என்று வலப்பக்கத்தில் தொடங்கி வாசிக்கப் பழக்குங்கள். ‘எண் ← எண் + 1’ என்ற வரி அதன்பின் யாரையும் குழப்பாது.

மாறியைப் ‘பெட்டி’ என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். பெட்டிக்குள் இரண்டு சாமான் வைக்கலாம். அதனால் பழைய 5உம் உள்ளே கிடக்கிறது என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. பலகையில் ஒரு கட்டம் கீறி, புதிய எண் வரும்போது பழையதை அழித்துவிட்டு எழுதிக் காட்டுவது நல்லது. அடுத்து இரண்டு மாறிகளின் பெறுமானங்களை இடம் மாற்றச் சொல்லுங்கள். ‘அ ← ஆ, ஆ ← அ’ என்று எழுதுவார்கள். கட்டத்தை அழித்து எழுதும்போதே பழைய அ தொலைந்ததை அவர்களே காண்பார்கள். மூன்றாவது மாறி ஏன் வேண்டும் என்று நீங்கள் விளக்கத் தேவை வராது.

இதிலிருந்து வருவதுதான் தடமறிதல் அட்டவணை. ஒவ்வொரு மாறிக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி, நிபந்தனைக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. வரி ஓட ஓட ஒரு நிரையாக நிரப்புவது. பேனையால் நிரப்பச் சொல்லுங்கள். பென்சில் என்றால் விடையைப் பார்த்துவிட்டு நடுவில் அழித்துத் திருத்துவார்கள், எந்த இடத்தில் வழுக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மடக்குக்கு வரும்போது நல்ல கணக்கு ஒன்று வேண்டும். 1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலவே மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ‘மழைவீழ்ச்சிக் கணக்கு’ இன்றுவரை ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. நாளாந்த மழைவீழ்ச்சியை ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும், குறித்த ஒரு எண் வந்ததும் நிறுத்தி, சராசரியைச் சொல்ல வேண்டும். பார்த்தால் சின்னக் கணக்கு, விழுத்துகிற கணக்கு. வாடைக்காற்றோடு கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையை அறிந்த திருகோணமலைப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை. சரியான வடிவம் இது:

மொத்தம் ← 0
நாட்கள் ← 0
உள்ளீடு மழை
மழை ≠ −1 ஆக இருக்கும்வரை செய்
  மொத்தம் ← மொத்தம் + மழை
  நாட்கள் ← நாட்கள் + 1
  உள்ளீடு மழை
முடிவு
வெளியீடு மொத்தம் / நாட்கள்

நிறுத்தும் எண் ஏன் −1, ஏன் 0 இல்லை என்று முதலில் கேளுங்கள். மழையே பெய்யாத நாளும் ஒரு நாள்தான். 0 வந்ததும் நின்றுவிட்டால் கணக்கு பாதியில் முடியும். இந்தக் கேள்வியில் பத்து நிமிடம் போனால் போகட்டும்.

பிறகு உள்ளீடாக 12, 0, 30, −1 என்று இதே வரிசையில் கொடுங்கள். சரியான மொத்தம் 42, நாட்கள் 3, சராசரி 14. இந்த எண்களை எடுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு பிழையும் வெவ்வேறு விடையைத் தரும் என்பதே. விடை 10.25 என்றால் பிள்ளை −1ஐயும் கூட்டிவிட்டது: மொத்தம் 41, நாட்கள் 4. உள்ளீட்டை மடக்கின் தொடக்கத்தில் மட்டும் வைத்து, கூட்டிய பிறகு நிபந்தனையைப் பார்க்கும்போது இது வரும். விடை 10 என்றால் ‘மொத்தம் ← 0’ மடக்குக்குள் போய்விட்டது; ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டுத்தொகை அழிந்து கடைசி 30 மட்டும் மிஞ்சி, 3ஆல் வகுபட்டிருக்கிறது. விடை 9.67 என்றால் இரண்டாவது உள்ளீடு கூட்டலுக்கு முன்னே ஏறிவிட்டது. முதல் நாளின் 12 தவறி, −1 உள்ளே வந்து, மொத்தம் 29. திரை எதுவும் சொல்லாமல் நிற்கிறதென்றால் மடக்குக்குள் இருக்கவேண்டிய உள்ளீடே இல்லை: மழை என்றைக்கும் 12, நிபந்தனை என்றைக்கும் உண்மை. 36 கொப்பிகளையும் வரிவரியாக வாசிக்க உங்களுக்கு நேரம் கிடையாது. மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டு விடையைப் பார்த்தாலே எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பரீட்சிக்கும் எண்களை இப்படித் தெரிவு செய்வதில் போடுகிற உழைப்பு வேறெதையும்விடப் பலன் தரும் என்பது என் துணிபு. 10, 10, 10 என்று கொடுத்திருந்தால் வரும் விடையைப் பார்த்து எந்த நாள் தவறியது என்று சொல்லவே முடியாது.

எல்லோரும் 14ஐ அடைந்த பிறகு முதல் உள்ளீடாகவே −1 கொடுக்கச் சொல்லுங்கள். நாட்கள் 0. பூச்சியத்தால் வகுக்கப் போய் நிரல் விழும். வகுக்க முன் ‘நாட்கள் > 0 எனின்’ என்ற நிபந்தனை ஏன் வேண்டும் என்பது அந்த விழுகையிலேயே விளங்கும்.

இந்தப் பிழைகளுக்குப் பின்னால் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆய்வாளர் ரோய் பீ 1986இல் இதை எழுதினார்: தாம் என்ன நினைத்து எழுதினோம் என்பது கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒரு மூளைக்குத் தெரியும் என்று தொடக்க மாணவர் நம்புகிறார்கள். மாறிக்கு ‘மொத்தம்’ என்று பெயர் வைத்தால் அது தானாகக் கூட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற பிள்ளை இதற்கு உதாரணம். ஒருநாள் அதே நிரலில் மாறிகளின் பெயரை ‘வாழை’, ‘குடை’ என்று மாற்றி எழுதிக் கையால் ஓட்டச் சொல்லுங்கள். விடை மாறாது. பெயர் வாசிக்கிற மனிதருக்கானது என்பது அதில் தெரியும்.

தெரிவுக்கு, அதாவது நிபந்தனையைப் பார்த்து வழி பிரிவதற்கு, அதிக நேரம் வேண்டாம். சாதாரண தரப் பெறுபேறே போதும்: 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ், அதற்குக் கீழ் டபிள்யூ. 35ஐ முதலில் சோதித்துத் தொடர்நிபந்தனை எழுதினால் 90 எடுத்த பிள்ளைக்கும் எஸ் வரும். பரீட்சிக்க 34, 35, 49, 50, 64, 65, 74, 75 என்ற எட்டு எண்களும் வேண்டும். ‘பெரிது’ எழுத வேண்டிய இடமா, ‘பெரிது அல்லது சமன்’ எழுத வேண்டிய இடமா என்ற பிழை எல்லையில் நிற்கும் எண்ணில்தான் பிடிபடும்.

அணிக்குக் கன்னியா வெந்நீரூற்றை விட நல்ல உதாரணம் இங்கே தேடவேண்டியதில்லை. கிணறுகள் 7, வரிசை எண் போடலாம், ஒவ்வொன்றின் வெப்பநிலையும் வேறு. ஒரே வகையான ஏழு பெறுமானம், ஒரு பெயர், எத்தனையாவது என்று சொல்ல ஒரு சுட்டி: அணி என்பது அதுதான். மிகச் சூடான கிணறு எது என்று கண்டுபிடிப்பது வேலை. முதலில் மிகப்பெரிய எண்ணை முதல் கிணறு வைத்திருக்கும்படி தரவு கொடுங்கள், அடுத்து ஏழாவது வைத்திருக்கும்படி கொடுங்கள். மடக்கு ஒன்று பிந்தித் தொடங்கினாலும் ஒன்று முந்தி முடிந்தாலும் இரண்டில் ஒன்று காட்டிக் கொடுக்கும். ‘பெரியது’ என்ற மாறிக்கு ஆரம்பத்தில் 0 கொடுப்பார்கள். இங்கே விடை சரியாகவே வரும். எல்லாம் மறை எண்ணாக இருந்தால் பிழைக்கும். அதனால் முதல் உறுப்பின் பெறுமானத்தைக் கொடுத்துத் தொடங்கப் பழக்குங்கள். பஸ்காலில் சுட்டியை 1இலிருந்து 7 வரை என்று நாமே அறிவிக்கலாம். பைதனில் 0இலிருந்து 6 வரை. உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது, ஆகவே இப்போதே ஒரு வாய் சொல்லிவையுங்கள்.

இனி 36 பேர், 9 இயந்திரம். ஒரு கணினிக்கு நான்கு பேர் என்றால் ஒருவர் தட்டுவார், ஒருவர் பார்ப்பார், இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருப்பார்கள். 40 நிமிடப் பாடவேளை இரண்டை அடுத்தடுத்துக் கேட்டு வாங்கி, வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 18 பேர் இருவர் இருவராகக் கணினியில், மற்ற 18 பேர் தாளில். அடுத்த பாடவேளையில் மாறுவது. இருவரில் ஒருவர் விசைப்பலகையைத் தொடுவார், மற்றவர் என்ன தட்டவேண்டும் என்று சொல்லுவார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கைதட்ட, இடம் மாற வேண்டும். கைதட்டாவிட்டால் வீட்டில் கணினி வைத்திருக்கிற பிள்ளை கடைசிவரை எழும்பாது.

தாளில் இருப்பவர்களுக்கு வரித்துண்டுகள் கொடுங்கள். டேல் பார்சன்ஸும் பற்றீசியா ஹேடனும் 2006இல் எழுதிய முறை இது. மழைக் கணக்கின் வரிகளைத் தனித்தனியாக வெட்டி, பொருந்தாத இரண்டு வரிகளையும் கலந்து ஒரு கடித உறையில் போடுங்கள். ‘மழை = −1 ஆக இருக்கும்வரை’ என்பது ஒன்று, ‘நாட்கள் ← 1’ என்பது இன்னொன்று. பிள்ளைகள் சரியான வரிகளைத் தெரிந்தெடுத்து ஒழுங்காக அடுக்க வேண்டும். எழுத்துப்பிழை, அரைப்புள்ளி என்ற தொல்லை எதுவும் இல்லாமல் ஒழுங்கைப் பற்றி மட்டும் யோசிக்க முடிவதுதான் இதன் பலம். கரண்ட் போனால் வகுப்பு முழுவதுக்கும் இதுவே வேலை.

கணினியில் இருப்பவர்களுக்கும் வெறும் திரையைக் கொடுக்காதீர்கள். ஓடுகிற நிரல் ஒன்றைக் கொடுத்து, ஓட்ட முன் விடையைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஓட்டட்டும். எழுதியது பிழைத்தால் ஏன் என்று பார்க்கட்டும். பிறகு ஒரு வரியை மாற்றட்டும், உதாரணமாகச் சராசரியோடு அதிக மழை பெய்த நாளையும் சொல்லும்படி. புதியதை உருவாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஆய்வாளர் சூ சென்டன்ஸ் வகுத்த ஐந்து படிகள் இவைதான். முன்கூட்டி எழுதும் அந்த முதற்படியைத் தவறவிட்டால் மற்ற நான்கும் வெறும் தட்டச்சு வேலையாகிவிடும்.

பஸ்கால் நிரலை ஓட்டும் ஃபிரீ பஸ்கால் மென்பொருளை நிறுவ இணையம் வேண்டாம், பென்டிரைவில் கொண்டுபோகலாம். அதன் திருத்தியில் (நிரல் எழுதும் சாளரத்தில்) எஃப்7 அழுத்தினால் வரிவரியாக ஓடும். கன்ட்ரோலுடன் எஃப்7 அழுத்தினால் ஒரு மாறியைக் கண்காணிக்கலாம். கையால் நிரப்பிய அட்டவணையைத் திரையில் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். “வெளியீட்டைக் காணேல்ல” என்று வருகிற பிள்ளைக்கு ஆல்ட்டையும் எஃப்5ஐயும் சேர்த்து அழுத்தக் காட்டுங்கள்.

பஸ்காலில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் சில. பெறுமானம் கொடுக்க := வேண்டும், ஒப்பிட = மட்டும். ‘எல்ஸ்’ (இல்லையெனில்) என்ற சொல்லுக்கு முந்திய வரியில் அரைப்புள்ளி போட்டால் நிபந்தனைக் கூற்று அங்கேயே முடிந்துவிடும், எல்ஸ் அநாதையாகும். அரைப்புள்ளி விடுபட்டாலோ பெரும்பாலும் அடுத்த வரியில்தான் பிழை காட்டும். ‘சுட்டிய வரியில் பிழை இல்லையென்றால் அதற்கு மேல் வரியைப் பார்’ என்று ஆய்வுகூடச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சாய்கோட்டால் வகுத்தால் விடை எப்போதும் தசம எண். அதை முழுவெண் மாறியில் வைக்க விடாது. முழுவெண் வகுத்தலுக்கு ‘டிவ்’. தசம எண்ணை அப்படியே அச்சிட்டால் 14 என்பது விஞ்ஞானக் குறியீட்டில் நீளமாக வந்து பிள்ளைகளைப் பயமுறுத்தும். மாறிக்குப் பின்னால் :0:2 என்று சேர்த்தால் 14.00 என்று வரும். வேர்டில் இருந்து நிரலை ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து வரும், தொகுப்பி (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஏற்காது.

இன்னொன்று, பிள்ளைகளைக் கணினிக்குள் எட்டிப் பார்க்க வைக்கிற பிழை. ஃபிரீ பஸ்காலின் வழக்கமான அமைப்பில் ‘இன்டிஜர்’ என்ற முழுவெண் வகை 16 பிட். −32768 தொடக்கம் 32767 வரையே கொள்ளும். அறுக்குளா விற்ற காசு 20000 ரூபாவாக இரண்டு தரம் உள்ளிட்டு, கூட்டுத்தொகையை ஒரு இன்டிஜர் மாறியில் வைத்து அச்சிட்டால் −25536 வரும். 40000இலிருந்து 65536ஐக் கழித்துப் பாருங்கள். தரம் 10இல் படித்த இரும எண்ணும் தரவு வகையும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ‘லோங்இன்ட்’ என்ற பெரிய முழுவெண் வகைக்கு மாற்றினால் சரியாகும். ஆனால் உடனே மாற்ற விடாதீர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு பாடவேளை தேடட்டும்.

உயர்தர வகுப்பும் உங்கள் கையில் இருந்தால் பைதனுக்குத் தொன்னி என்ற திருத்தி போதுமானது. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவருக்கென்றே செய்தது. மாறிகளைப் பக்கத்திலேயே காட்டும். விண்டோஸ் 7 ஓடும் பழைய இயந்திரமென்றால் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. முதல் கிழமையே வரும் பிழை, உள்ளீடு வாங்கும் ‘இன்புட்’ எதையும் எழுத்துச் சரமாகவே தருவது. 12உம் 30உம் கூட்டினால் 1230. மழைக் கணக்கில் முதலிலேயே −1 அடித்தாலும் மடக்குக்குள் போய்விடும், ஏனென்றால் சரமாக வந்த −1உம் எண் −1உம் சமனல்ல; உள்ளே எண்ணோடு சரத்தைக் கூட்ட முடியாமல் நிரல் விழும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக்கினால் தீரும். பைதன் 3இல் மாறிக்கு மழை, மொத்தம் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். ஆங்கிலத்தில் தயங்குகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் இது பெரிய உதவி. யூனிகோட்டில் தட்ட வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகவே இருக்கும்.

இயந்திரங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் 9 என்பது 11 ஆகக்கூடும். கடற்காற்றில் ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படலம் பிடிக்கும். ஒன்றும் திரையில் வராமல் பீப் சத்தம் மட்டும் போடுகிற கணினியில், மின்னை முற்றாகக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, ரேமை எடுத்து வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். பல இயந்திரம் இதிலேயே எழும்பும். இணையம் இருந்தும் பல தளங்கள் பாதுகாப்பில்லை என்று மறுத்தால் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 மின்கலம் இறந்து, திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரியும். கடையில் சில நூறு ரூபா.

புள்ளியிடும்போது ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். 10 புள்ளி என்றால் தடமறிதல் அட்டவணைக்கு 4, தெரிவு செய்த பரீட்சை எண்களுக்கு 2, நிரலுக்கு 4. ஓடாத நிரலோடு சரியான அட்டவணையும், ‘இந்த வரியில் நான் எதிர்பார்த்தது 42, வந்தது 41’ என்ற குறிப்பும் தந்த பிள்ளைக்கு 6க்குக் குறையாமல் போடுங்கள். நண்பனின் நிரலைப் பிரதி எடுத்த பிள்ளையிடம் ஒரு உள்ளீட்டை மட்டும் மாற்றிக் கொடுத்து, உங்கள் முன்னால் அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பினால் முழுப் புள்ளியும் கொடுக்கலாம்.